டாக்டர் சொன்னதில் பாதி

எனக்கு வாய் நீளம் என்று புகுந்த வீட்டில் பெயர். கல்யாணமாகி வந்த முதல் வாரமே மாமியார் அதைக் கண்டுபிடித்து ஊருக்கெல்லாம் சொல்லியாகிவிட்டது. நானும் பெயரைக் கெடுத்துக்கொள்ளாமல் இன்றுவரை பேசிக்கொண்டுதான் இருக்கிறேன். பேச வேண்டிய இடத்தில் வாயை மூடிக்கொண்டது ஒரே ஒரு விஷயத்தில்தான். அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

ஐம்பதுகளின் தொடக்கம். ஓசூரிலிருந்து பாகலூர் போகிற சாலையில் எங்கள் ஊர். நான் பிறந்தது மைசூர் ராஜ்ஜியத்துப் பக்கம், ஆனேக்கல்லில். அப்பா அங்கே தானியக் கடை வைத்திருந்தார். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் கன்னடம். எட்டாவது வரைக்கும் படித்தேன். புகுந்த ஊரில் எல்லோருக்கும் மூன்று பாஷையும் கொஞ்சம் கொஞ்சம் வரும். ஆடு மேய்க்கிறவள் தெலுங்கில் ஆட்டைத் திட்டிவிட்டுத் தமிழில் அழுவாள். ஆனால் கன்னடத்தைப் படிக்கவும் படித்தவர்களோடு நின்று பேசவும் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அதனால் மாமியாருக்குக் கோபம் வந்தால் நான் கன்னடத்துக்காரி. தாலுகா ஆபீஸில் பழைய பத்திரம் வாசிக்க வேண்டுமென்றால் படித்த மருமகள்.

மாமனாருக்கு இழுப்பு. மார்கழிப் பனி இறங்கினால் மனிதர் உட்கார்ந்தபடியேதான் இருப்பார். நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்துகிற மாதிரி சத்தம் கேட்கும். ஊமத்தை இலையைக் காயவைத்துச் சுருட்டி, பற்றவைத்து நாலு இழுப்பு இழுத்த பிறகுதான் பேச்சு வரும். பனி போனால் அவரும் எழுந்து ஏர் பூட்டிவிடுவார். அதனால் அந்த வீட்டில் யாருக்காவது மூச்சு வாங்கினால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

என் நாத்தனாருக்கு மூச்சு வாங்கியதும் அப்படித்தான் போயிற்று. நான் வந்தபோது அவளுக்குப் பதினாறு வயது, எனக்கு இருபத்தொன்று. வீட்டில் அவளைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவார்கள். பதினோரு வயதில் அவளுக்குப் பெரிய காய்ச்சல் ஒன்று வந்ததாம். ஒரு நாள் முழங்கால் வீங்கும், மறுநாள் அது வற்றிக் கணுக்கால் வீங்கும், அப்புறம் மணிக்கட்டு. இரண்டு மாதம் எழுந்திருக்கவில்லை. வைத்தியர் வாதம் என்று தைலம் கொடுத்தார். குணமாகி ஓடியாட ஆரம்பித்ததும் எல்லோரும் மறந்துவிட்டார்கள்.

எனக்கும் அவளுக்கும் எந்திரக்கல்தான் உறவு. எதிரெதிரே உட்கார்ந்து ஒரே பிடியை ஆளுக்கொரு கையால் பிடித்து, தினமும் களிக்கான கேழ்வரகை அரைப்போம். பத்துச் சுற்று வருவதற்குள் அவள் கையை எடுத்துவிடுவாள். "இரு அண்ணி" என்று கண்ணை மூடிக்கொள்வாள். நான் அவளை வேலைக்கள்ளி என்பேன். செல்லப் பெண், உடம்பு வணங்கவில்லை என்று புருஷனிடம் கோள்கூடச் சொல்லியிருக்கிறேன். அவள் சிரிப்பாள். எங்கப்பன் சொத்துல எம் பங்குக்கு இந்த இழுப்புதான் வந்துது என்பாள். மாமனாருக்குச் சத்தம் வரும், இவளுக்குச் சத்தமே வராது, ஓடிவந்த ஆடு மாதிரி வெறுமனே இளைக்கும். இரண்டும் ஒன்றல்ல என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை. எனக்கு என்றில்லை, யாருக்கும் உறைக்கவில்லை.

அவளுக்குப் பதினெட்டு நடக்கும்போது ஒரு காலையில் மாட்டுக்கொட்டகையில் சாணி அள்ளிக்கொண்டிருந்தவள் இருமினாள். இருமிவிட்டு உள்ளங்கையை என்னிடம் நீட்டினாள். சிவப்பாக நுரை. நான் புடவைத் தலைப்பால் துடைத்துவிட்டேன். ஒளித்துவிடலாம் என்றுதான் நினைத்தோம். மூன்றாவது முறை மாமியார் பார்த்துவிட்டார்.

இன்றைக்கு இருக்கிறவர்களுக்கு அந்தப் பயம் புரியாது. அப்போது சயம் என்ற வார்த்தையை வீட்டுக்குள் யாரும் உரக்கச் சொல்ல மாட்டார்கள். ஒரு வீட்டுக்குச் சயரோகம் என்று பெயர் வந்துவிட்டால் அந்த வீட்டில் பெண் எடுக்க மாட்டார்கள், பெண் கொடுக்கவும் மாட்டார்கள், பங்காளி வீடு வரைக்கும் பாயும். மாமியார் மறுநாளே அவளுக்குத் தனி டம்ளர், தனித் தட்டு, தானியம் போட்டுவைக்கிற அறையில் தனிப் பாய் என்று ஏற்பாடு செய்தார். சோற்றை வாசற்படியில் வைத்துவிட்டு நகர்ந்து நின்று அழுவார். பெற்ற வயிறு அழும், கால் கிட்டே போகாது. பாப்பா அந்தத் தட்டை இழுத்துக்கொண்டு, "நம்ம வீட்டு நாய்க்குக்கூட அண்ணி, நடுவாசல்ல வெக்கிறாங்க" என்றாள். அதற்கும் சிரித்தாள்.

ஓசூரில் காட்டினால் ஊருக்குத் தெரிந்துவிடும். பெங்களூர் போய்விடலாம் என்று மாமனார் முடிவு செய்தார். எல்லை தாண்டிவிட்டால் நம்மை யாருக்குத் தெரியும்? என் அம்மா வீட்டுக்குப் போகிறோம் என்று ஊரில் சொல்லிக்கொள்வதாக ஏற்பாடு. என்னை ஏன் கூட்டிக்கொண்டு போனார் என்றால் பேசுவதற்கு. பெரிய டாக்டர்கள் பேசுகிற கன்னடம் தனக்கு எட்டாது, தன்னுடையது மாட்டுச் சந்தைக் கன்னடம் என்றார்.

எல்லையில், ஜூஜுவாடியில் பஸ்ஸை நிறுத்தினார்கள். அரிசி கடத்துகிறார்களா என்று மூட்டை முடிச்சை அவிழ்த்துப் பார்க்கிற காலம் அது. சோதனை போடுகிறவர் எங்கள் துணி மூட்டையில் கை வைக்கப்போனபோது பாப்பாவுக்கு இருமல் வந்தது. மனிதர் கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டு அடுத்த சீட்டுக்குப் போய்விட்டார். பஸ் கிளம்பியதும் அவள் என் காதில், தெரிஞ்சிருந்தா அரை மூட்ட அரிசி போட்டுக்கினு வந்திருக்கலாம் என்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மூன்று நாள் சத்திரத்தில் தங்கி ஆஸ்பத்திரிக்கு நடந்தோம். சளி எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள், எக்ஸ்ரே எடுத்தார்கள். மூன்றாம் நாள் பெரிய டாக்டர் கூப்பிட்டார். வயதானவர், பொறுமைசாலி. பெண்களைப் பரிசோதிக்கிற இடத்தைப் பச்சைத் துணித் திரை போட்டு மறைத்திருந்தார்கள். மாமனாரைத் திரைக்கு வெளியே பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். நானும் பாப்பாவும் உள்ளே. அவளை இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்கவைத்து, குழாயை நெஞ்சில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் கேட்டார். பிறகு எந்த ஊர், என்ன விவசாயம் என்று என்னை விசாரித்தார். ஏரி இருக்கிறதா என்றார். இருக்கிறது என்றேன்.

அவர் சொன்னதை என்னால் இன்றைக்கும் வரி பிசகாமல் சொல்ல முடியும். இது சயரோகம் இல்லை, நுரையீரலில் புண் எதுவும் இல்லை, கோளாறு இதயத்தில் என்றார். இதயத்துக்குள் ரத்தம் ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்கு இறங்க ஒரு கதவு உண்டு, உங்கள் ஏரியில் தண்ணீர் திறந்துவிடுகிற தூம்பு மாதிரி. சின்ன வயதில் வந்த மூட்டுக் காய்ச்சல் மூட்டை விட்டுப் போய்விட்டது, ஆனால் அந்தத் தூம்பில் தழும்பை வைத்துவிட்டுப் போயிருக்கிறது. இப்போது அது பாதிகூடத் திறப்பதில்லை. தூம்பு திறக்காவிட்டால் தண்ணீர் என்ன செய்யும்? பின்னுக்கு ஏறும். இதயத்துக்குப் பின்னால் இருப்பது நுரையீரல். அங்கே ரத்தம் தேங்கிக் கசிகிறது. அதனால்தான் மூச்சு வாங்குகிறது, அதனால்தான் இருமினால் சிவப்பு. அவள் கன்னத்தைக் காட்டி, இந்தச் செம்மைகூட அழகில்லை அம்மா, வியாதி என்றார்.

ஒட்டுகிற வியாதியா என்று கேட்டேன். இல்லவே இல்லை என்றார். எனக்கு அங்கேயே அவர் காலில் விழவேண்டும் போலிருந்தது.

அவர் இன்னும் முடிக்கவில்லை. உப்பைக் குறைக்க வேண்டும், தண்ணீர் சேந்துவது மாவரைப்பது எல்லாம் கூடாது, மாத்திரையை நிறுத்தக் கூடாது, ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்ட வேண்டும் என்றார். தூம்பை விரலால் அகலப்படுத்துகிற ஆபரேஷன் நம் நாட்டிலும் ஓரிரு இடத்தில் ஆரம்பித்திருக்கிறார்களாம், கொஞ்சம் பொறுங்கள், பார்க்கலாம் என்றார். பிறகு குரலைத் தாழ்த்தாமல் அதே நிதானத்தோடு சொன்னார். கல்யாணம் வேண்டுமானால் செய்யுங்கள், ஆனால் இவள் பிள்ளை பெறக் கூடாது. பிள்ளை வயிற்றில் இருக்கும்போது உடம்பில் ரத்தம் பெருகும், இந்தத் தூம்பு அதைத் தாங்காது. பெற்றோருக்குச் சொல்லுங்கள், கட்டிக்கொள்கிறவனுக்கும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். சொல்வீர்களா என்று என்னைப் பார்த்துக் கேட்டார். சொல்கிறேன் என்றேன்.

பாப்பா ரவிக்கையை மாட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கன்னடம் சரளமாகப் பேச வராதே தவிர புரியாமல் இல்லை. நாங்கள் வெளியே வருவதற்குள் என் மணிக்கட்டைப் பிடித்து ஓரமாக இழுத்தாள்.

"அண்ணி, எல்லாத்தயும் சொல்லு. அதொண்ணு மட்டும் சொல்லாத. சொன்னா நான் அந்த ரூம்லயே கெடந்து சாகணும்."

பாவம், அந்தத் தானிய அறையும் வாசற்படியில் வைத்த தட்டும் அவளை அவ்வளவு பயமுறுத்தியிருந்தன.

அவளுக்காக இரக்கப்பட்டுத்தான் மறைத்தேன் என்று எழுதிவிட்டுப் போகலாம். பாதி அப்படித்தான். மீதிப் பாதியையும் எழுதிவிடுகிறேன். கல்யாணம் ஆகாத நாத்தனார், அதுவும் வேலை செய்யக் கூடாத நாத்தனார், ஆயுசு முழுக்க என் அடுப்படியில் உட்கார்ந்திருப்பாள் என்ற நினைப்பு அந்த ஒரு நிமிஷத்தில் எனக்கும் வந்தது. வந்து போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். எது எத்தனை பங்கு என்று பிரித்துப் பார்க்க இத்தனை வருஷமாக என்னால் முடியவில்லை.

வெளியே மாமனார் பெஞ்சில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். என்னம்மா சொன்னார் என்று கேட்டார். தூம்பு, உப்பு, மாத்திரை, ஆபரேஷன், எல்லாம் சொன்னேன். அந்த ஒன்றை விட்டுவிட்டேன். சயம் இல்லையே என்று மட்டும் கேட்டார். இல்லீங்க மாமா என்றேன். துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு அழுதார். வராந்தாவில் போகிறவர்கள் யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்து எங்களுக்கு வழிவிட்டுப் போனார்கள்.

ஊர் திரும்பியதும் மாமியார் செய்ததைச் சொல்ல வேண்டும். அக்கம்பக்கத்துப் பெண்களையெல்லாம் கூப்பிட்டு, பாப்பா குடித்து மிச்சம் வைத்த மோரை அதே டம்ளரில் எல்லோர் முன்னாலும் ஒரே மூச்சில் குடித்தார். எம் பொண்ணுக்குச் சயமில்ல, பெங்களூர் டாக்டரு போட்டோ புடிச்சிப் பாத்துட்டாரு என்றார். சயம் இல்லை என்பதையே அந்த வீடு வியாதியே இல்லை என்று எடுத்துக்கொண்டது. இதயம் என்று நான் நூறு தடவை சொன்னேன். இதயம் என்றால் அவர்களுக்குக் கவலைப்படுகிற இடம், அவ்வளவுதான். அதற்கு வியாதி வரும், அது நுரையீரலை நனைக்கும் என்பதெல்லாம் கன்னடத்துக்காரியின் கதை. உப்பில்லாத களியைப் பெற்ற மகளுக்கு எப்படிப் போடுவேன் என்று மாமியார் கருவாட்டுக் குழம்பை ஊற்றினார். மாத்திரையை மட்டும் நான் விடாமல் கொடுத்தேன். கொஞ்சம் தெளிந்தாள். ரத்தம் நின்றது. ஆறு மாதத்தில் போய்க் காட்டச் சொன்னது கல்யாணப் பேச்சில் அடிபட்டுப்போயிற்று.

நாகரசம்பட்டியிலிருந்து பெண் கேட்டு வந்தார்கள். மாந்தோப்புக்காரர்கள், மூன்று பிள்ளைகளில் நடுப்பிள்ளை, இருபத்துமூன்று வயது. எங்கள் வீட்டைப் பற்றிய பேச்சு எப்படியோ அவர்கள் காதுக்கும் போயிருந்தது. வாயைத் திறந்து கேட்கவில்லை. மாப்பிள்ளையின் அத்தை, பொண்ணு ஒரு குடம் தண்ணி சேந்திக்கினு வரட்டும், எங்க ஊரு வழக்கம் என்றாள். வழக்கமாம். நெஞ்சில் சீக்கு இருக்கிற பெண் கயிறு இழுத்தால் இருமிவிடும் என்ற கணக்குதான் அந்த வழக்கம். நான் அவர்கள் வருவதற்கு முன்பே இப்படி ஏதாவது வரும் என்று தண்ணீரைச் சேந்திக் குடத்தை நிரப்பிக் கிணற்றுக்குப் பின்னால் வைத்திருந்தேன். அவளோடு கொல்லைக் கிணற்றுக்குப் போய், ராட்டினத்தை வெறுமனே நாலு உருட்டு உருட்டிச் சத்தம் காட்டிவிட்டு, குடத்தைத் தூக்கி அவள் இடுப்பில் வைத்தேன். அவள் இருபது அடி நடந்து வந்து, சிரித்த முகமாக இறக்கினாள். பெண்ணின் கன்னம் எப்படிச் சிவந்திருக்கிறது பார் என்று அத்தைக்காரி வாயெல்லாம் பல்லாகச் சொன்னாள். தட்டு மாற்றிக்கொண்டார்கள். பாப்பா சமையலறைக்குப் பின்னால் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். உதடு நாவல்பழம் தின்ற மாதிரி இருந்தது. "ஜெயிச்சிட்டோம் அண்ணி" என்றாள். நானும் ஜெயித்துவிட்டதாகத்தான் நினைத்தேன்.

அவள் வாழப்போன இடம் நல்ல இடம். அதையும் சொல்ல வேண்டும். மாப்பிள்ளை மென்மையான மனிதர். போச்சம்பள்ளிச் சந்தைக்குப் போனால் அவளுக்கு வளையல் இல்லாமல் திரும்ப மாட்டார். பொங்கலுக்கு வந்தபோது பையையெல்லாம் அவரே தூக்கிக்கொண்டு பின்னால் வந்தார், ஊர்ப் பையன்கள் கேலி செய்ததைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மாத்திரை தீர்ந்தால் எனக்குக் கடுதாசி போடுவாள், நான் வாங்கி அனுப்புவேன். ஒரு வருஷம் இப்படிப் போயிற்று. டாக்டர்கள் எல்லாவற்றையும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ள ஆரம்பித்திருந்தேன்.

அவள் முழுகாமல் இருக்கிறாள் என்று சர்க்கரையோடு ஆள் வந்தது. மாமியார் என் வாயில் ஒரு பிடி சர்க்கரையைத் திணித்தார். அன்றைக்காவது நான் சொல்லியிருக்க வேண்டும். அப்போது சொன்னால் முன்பு சொல்லாதது வெளியே வரும். அந்த ஒரு காரணத்துக்காக அன்றைக்கும் பேசாமல் இருந்தேன். முதல் தடவைக்குக்கூட அவள் கெஞ்சினாள் என்ற சாக்கு உண்டு. இதற்கு ஒரு சாக்கும் கிடையாது.

ஐந்தாம் மாதம் வந்தாள். கால் இரண்டும் வீங்கி, விரலால் அழுத்தினால் குழி விழுந்தது. படுக்க முடியவில்லை. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று கேழ்வரகு மூட்டைகளை அடுக்கி அதில் சாய்ந்து உட்கார்ந்தபடியே கண்ணயர்வாள். வயிற்றுப் பிள்ளைக்காரிக்குக் கால் வீங்காமல் யாருக்கு வீங்கும் என்றார் மாமியார். இழுப்பும் சேர்ந்துகொண்டது என்று ஊமத்தை இலையைத் தேடினார்கள். நான் அதைப் பிடுங்கி அடுப்பில் போட்டேன். பெங்களூர் போகலாம் வா என்று பாப்பாவிடம் மன்றாடினேன். பிள்ளை பிறக்கட்டும், அப்புறம் எங்கே கூப்பிட்டாலும் வருகிறேன் என்றாள். அவளுக்கு அந்தப் பிள்ளை வேண்டும். தனித் தட்டில் சாப்பிட்டவளுக்கு, தன் தட்டில் கை வைத்துச் சாப்பிட ஒரு பிள்ளை வேண்டும் என்று இருந்தது. அதை நான் எப்படிக் குற்றம் சொல்வேன்?

ஏழாம் மாதம் ஒரு நாள் இருமலோடு நுரை நுரையாக வர ஆரம்பித்தது. வாடகைக் கார் பிடித்து மாமனாரும் நானும் கூட்டிக்கொண்டு போனோம். அதே டாக்டர். அவளைப் பார்த்தார், வயிற்றைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். கார் நிறுத்தாமல் ஓடிவந்த களைப்பெல்லாம் எனக்கு அந்தப் பார்வையில்தான் வந்தது. வீட்டில் சொல்லவில்லையா என்று கேட்டார். சொன்னேன் என்றேன். அவரிடமும் பொய். அவர் வேறு எதுவும் கேட்கவில்லை. ஊசி போட்டார்கள், ஆக்ஸிஜன் வைத்தார்கள், தண்ணீர் பிரிய மருந்து கொடுத்தார்கள். மூன்று நாள் போராடினாள். நாலாம் நாள் நடுப்பகலில், வெளியே அத்தனை வெயிலும் காற்றும் இருக்க, என் நாத்தனார் நெஞ்சுக்குள் தண்ணீர் நிறைந்து மூச்சில்லாமல் போனாள். பிள்ளையும் உள்ளேயே போயிற்று. நாகரசம்பட்டிக்குத் தந்தி போய் அவள் புருஷன் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

சாவு வீட்டில் மாமியார் மாப்பிள்ளை வீட்டார் முகத்துக்கு நேரே மண்ணை வாரித் தூற்றினார். பூ மாதிரி அனுப்பிய பெண்ணை வேலை வாங்கியே கொன்றுவிட்டார்கள் என்றார். மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு நின்றார். எங்கள் ஆட்களும் அதையே பிடித்துக்கொண்டார்கள். இரண்டு ஊருக்கும் போக்குவரத்து நின்றது. நான் சமையலறையில் வந்தவர்களுக்குத் தண்ணீர் மொண்டு கொடுத்துக்கொண்டிருந்தேன்.

வயிற்றில் பிள்ளையோடு செத்த பெண்ணுக்குச் சுமைதாங்கிக் கல் நடுவது எங்கள் பக்கத்து வழக்கம். இறக்காத சுமையோடு போனவள், அவள் பெயரில் வழிப்போக்கர்கள் தலைச்சுமையை இறக்கி வைக்கட்டும் என்று சாலையோரம் இரண்டு கல்லை நட்டு மேலே ஒரு கல்லைப் படுக்கப் போடுவார்கள். மூன்று மாதம் கழித்துப் பாகலூர் சாலையில் மாமனார் அந்தக் கல்லை நட்டார். ஆட்கள் கம்பி போட்டு நெம்பிக்கொண்டிருந்தார்கள். நானும் அவரும் புங்க மரத்தடியில் நின்றோம். மாமியார் வரவில்லை. எதனால் அப்போது வாயில் வந்தது என்று தெரியாது, நான் மாமனாரிடம் சொல்லிவிட்டேன். டாக்டர் சொன்னதில் ஒன்றை உங்களுக்குச் சொல்லாமல் விட்டுவிட்டேன் மாமா, அது இன்னது என்று சொல்லி, அடித்தால் அடிக்கட்டும் என்று நின்றேன்.

அவர் கல்லைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நடுவுல துணிதானம்மா இருந்துது. முப்பது வருசம் மைசூர் பக்கம் மாடு வாங்கி வித்தவன். புள்ள பெறக் கூடாதுன்னா எனக்குப் புரியாதா?"

அப்படியென்றால் ஏன் என்னிடம் கேட்டீர்கள் என்றேன். நீ சொல்லிவிட்டால் கல்யாணத்தை நிறுத்தியாக வேண்டும், நீ சொல்லவில்லை, அதுவே போதும் என்று இருந்துவிட்டேன் என்றார். இரண்டு வருஷம் இந்த மனிதரிடம் குற்றவாளியாகச் சோறு பரிமாறினேனே என்று முதலில் கோபம்தான் வந்தது. என் மௌனத்துக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டாரே என்று வந்தது. ஆனால் அவர் அப்படி இளைத்துக்கொண்டு நிற்கையில் என்ன பேச? திரைக்கு உள்ளே இரண்டு பேர், வெளியே ஒருவர். மூன்று பேருக்கும் தெரிந்துதான் அந்தக் கல்யாணம் நடந்திருக்கிறது. "இதோட விட்டுரும்மா. உங்கத்தைக்குத் தெரியவேணாம்" என்றார்.

அந்த நேரத்தில்தான் மாப்பிள்ளை வந்தார். யாரும் சொல்லி அனுப்பவில்லை, எப்படியோ கேள்விப்பட்டு பஸ் பிடித்து வந்திருக்கிறார். கையில் மஞ்சள் பையில் தேங்காயும் கற்பூரமும் இருந்தன. எங்களோடு பேசலாமா கூடாதா என்று தெரியாமல் தள்ளியே நின்றார். கல்லுக்குப் பூசை முடிந்ததும் மாமனார் கூலிக்காரர்கள் பக்கம் போனார். மாப்பிள்ளை என்னிடம் வந்தார்.

"அக்கா, உங்களத்தான் கேக்கணும். எங்க வீட்டுக் கெணறு ஆழம். அவளும் தண்ணி சேந்துவா. நான் வேணான்னு சொன்னதில்ல. அதனாலதான் செத்தாளா?"

மூன்று மாதமாக அவர் அந்தக் கிணற்றையே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். மாமனார் அங்கிருந்து என்னைப் பார்த்தார். தலையை ஆட்டவில்லை, கையைக் காட்டவில்லை, பார்த்தார் அவ்வளவுதான். எனக்கு அவரும் வேண்டாம், மாமியாரும் வேண்டாம் என்று ஆகிவிட்டது. இல்லை தம்பி, உன்னால் இல்லை என்றேன். பச்சைத் திரைக்குள் டாக்டர் சொன்னதை முதல் வார்த்தையிலிருந்து கடைசி வார்த்தை வரை, கட்டிக்கொள்கிறவனுக்கும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள் என்றது உட்பட, தமிழில் சொன்னேன். பாப்பா என் கையைப் பிடித்ததைச் சொன்னேன். நிரப்பி வைத்த குடத்தையும் சொன்னேன். சாலையில் ஒரு வண்டி போயிற்று. அவர் கல்லின் மேல் கையை ஊன்றிக்கொண்டார்.

"எங்கண்ணனுக்கு நாலு பசங்கக்கா. ஒண்ண எடுத்து எங்க மடியில போட்டிருப்பாங்க. எங்கிட்ட கேட்டிருக்கலாமே."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் திட்டவில்லை. மஞ்சள் பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார். பறிகொடுத்தவன் துக்கத்தில் அப்படித்தான் பேசுவான், பெண் பார்க்க வந்த அன்றைக்கே சொல்லியிருந்தால் தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டு எழுந்து போயிருப்பார்கள் என்று பிற்பாடு என் புருஷன் எனக்கு ஆறுதல் சொன்னார். இருக்கலாம். போயிருப்பார்கள், அல்லது அவர் ஒருவர் மட்டும் போகாமல் நின்றிருப்பார். கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். நாங்கள் மூன்று பேர் இருந்தோம், ஒருவர்கூடக் கேட்கவில்லை.